கேள்வி கேட்ட பையனை உட்கார வைக்காதீர்கள்

போன வாரம் கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் போதைப்பொருள் விழிப்புணர்வுக் கூட்டம். வேதியியல் ஆசிரியர் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பேச வந்தவர் கொக்கைன் விஷம், தொட்டால் சாவு என்று முக்கால் மணி நேரம் பயமுறுத்தினார். பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "சார், எனக்குப் பல் பிடுங்கறப்ப மரத்துப்போக ஊசி போட்டாங்க. லிக்னோகெய்ன்னு எழுதியிருந்துச்சு. அதுவும் இதுவும் சொந்தமா?" என்று கேட்டான்.

"அதெல்லாம் இப்ப வேண்டாம் தம்பி, உட்காரு."

அவன் முகம் சுருங்கியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அந்தக் கூட்டத்தில் உருப்படியான பேச்சு அது ஒன்றுதான்.

ஒரு வகையில் சொந்தம்தான். கொக்கைன் கோக்கா என்ற செடியின் இலையில் இருக்கிறது. தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைக்காரர்கள் அந்த இலையைச் சாம்பலோ சுண்ணாம்போ சேர்த்து மெல்லுவார்கள், நாம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற மாதிரி. இலையில் கொக்கைன் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குக்குள்தான். 1860 வாக்கில் ஜெர்மனியில் ஆல்பர்ட் நீமன் அதை வெள்ளைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். அதே காலத்தில்தான் அதே ஆண்டீஸிலிருந்து, மலேரியா மருந்தான குவினைன் தரும் சின்கோனா மரம் நம்ம நீலகிரிக்கு வந்தது. நீலகிரி நடுவட்டத்துக் குவினைனும் கொக்கைனும் ஆல்கலாய்டுகள், அதாவது செடிகளில் உண்டாகும் நைட்ரஜன் சேர்ந்த காரப்பொருட்கள்தான்.

1884ல் வியன்னாவில் கார்ல் கொல்லர் என்ற இளம் மருத்துவர் கொக்கைன் கரைசலைத் தன் கண்ணிலேயே விட்டுக்கொண்டு, கருவிழியைக் குண்டூசித் தலையால் தொட்டுப் பார்த்தார். வலிக்கவில்லை. கண் அறுவை அன்றோடு மாறிப்போனது. நரம்பில் சோடியம் நுழையும் வாசலை கொக்கைன் அடைத்துவிடுகிறது, அதனால் வலிச் செய்தி மூளைக்குப் போவதில்லை. அந்த ஒரு குணத்தை மட்டும் தேடிப் போனதில்தான் 1905ல் ப்ரோக்கெய்ன் என்ற மரத்துப்போகும் மருந்தும் 1943ல் லிக்னோகெய்னும் கிடைத்தன.

கேடு வேறு வாசலில் இருக்கிறது. மூளையில் சுரக்கும், இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமைன் என்ற வேதிப்பொருளை நரம்பு திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். கொக்கைன் அந்த வழியையும் அடைக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் மழைத் தண்ணீர் வடியும் வாய்க்கால் அடைத்துக்கொண்டால் எப்படித் தேங்குமோ, அப்படித் தேங்கும். மூக்கில் இழுத்தால் அரை மணி, முக்கால் மணிதான் அந்தக் குதூகலம். அப்புறம் பள்ளம், உடனே இன்னொரு முறை கேட்கும். அபினியிலிருந்து எடுக்கும் வலிநிவாரணியான மார்ஃபினின் அடிமைத்தனத்துக்குக் கொக்கைன் மருந்து என்று நம்பி, பின்னாளில் உளப்பகுப்பாய்வால் புகழ்பெற்ற மருத்துவர் ஃபிராய்ட் தன் நண்பர் ஃபிளைஷ்லுக்குக் கொடுத்தார். நண்பர் கொக்கைனுக்கும் அடிமையானார்.

இதைச் சொன்னால் பிள்ளைகள் கெட்டுப்போவார்களா? வெறும் மிரட்டல், வெளியே ஒருவன் "ஒண்ணும் ஆகாதுடா" என்று சொல்லும் வரைதான் தாங்கும். கூட்டம் நடத்துகிறவர்கள் பேச்சைப் பாதியாக்கி, மீதியைக் கேள்விக்கு விடுங்கள்.

நேற்று அந்தப் பையனை ஆய்வகத்துக்குக் கூப்பிட்டு, இரண்டு வாசலையும் பலகையில் வரைந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவன் கேட்டான்: "சார், சோடியம் வாசல் இதயத்துலயும் இருக்குல்ல? அதுவும் அடையுமா?"

"அடையும்டா. ரத்தக் குழாயும் இறுகும். கொக்கைன் எடுக்கற சின்ன வயசுக்காரங்களுக்கும் மாரடைப்பு வர்றது அதனாலதான்" என்றேன். நோட்டை எடுத்து எழுதிக்கொண்டான்.