நான் வெட்டிய ஐந்து வரி

ஒரு கல்லூரியில் இதழியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ‘மனதைத் தொடும்படி எழுதுவது எப்படி’ என்று ஒரு மணி நேரம் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. முப்பது வருடம் அந்த வேலையைத்தான் பார்த்தேன். அதில் பாதியை இன்று எடுத்துப் படித்தால் எழுதிய கையைக் கிள்ளத் தோன்றுகிறது. அந்தப் பிள்ளைகளிடம் எவ்வளவு சொல்ல முடியும் என்று தெரியவில்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். நீளமான பதிவு.

தேனி மாவட்டத்துக் கம்பத்தில் பகுதிநேர நிருபராகத்தான் ஆரம்பித்தேன். செய்தியை எழுதிக் கவரில் போட்டு, மேலே சிவப்பு மையில் ‘செய்தி – அவசரம்’ என்று எழுதி மதுரை பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிடுவோம். அச்சில் வந்தால் அளந்து காசு. அப்புறம் மதுரையில் டெஸ்க் (வந்த செய்தியை வெட்டித் திருத்தும் வேலை), பிறகு ஒரு வாரப் பத்திரிகை, கொஞ்ச நாள் வானொலிக்கு உரைச்சித்திரம், ஒரு தொண்டு நிறுவனத்துக்கு ‘வெற்றிக்கதைகள்’. இப்போது குமுளியில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஓர் இணைய இதழுக்கு எடிட்டிங். வெற்றிக்கதை வேலை தனி வேடிக்கை. நாம் ஊருக்குப் போகுமுன்பே முடிவு தயாராக இருக்கும்: கடன் கொடுத்தோம், ஆடு வாங்கினார், வாழ்க்கை மாறியது. நான் போன வீட்டில் ஆடு செத்துப் போயிருந்தது. பக்கத்து வீட்டு ஆட்டை நிறுத்திப் படம் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். எனக்கும் அந்த மாதம் வாடகை கொடுக்க வேண்டியிருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். விடிவதற்கு முன்னால் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என மூன்று மலைப்பாதையிலும் ஜீப்புகள் ஏறும். உள்ளே நெருக்கியடித்து நம் பெண்கள், மடியில் தூக்குவாளி. கேரளத்து இடுக்கியின் ஏலக்காய்த் தோட்டங்களில் காய் எடுத்துவிட்டு இருட்டும் நேரத்தில் இறங்குவார்கள். வாரப் பத்திரிகையில் இருந்தபோது அப்படி ஓர் அம்மாவோடு ஒரு நாள் முழுக்கப் போனேன். மூன்று மணிக்கு எழுந்து உலை வைத்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். நடுவில் ஒரு கணக்கும் சொன்னார். கூலி எவ்வளவு, கங்காணி பிடிப்பது எவ்வளவு, மழையில் பாதி நாளோடு திருப்பி அனுப்பினால் எவ்வளவு, மளிகைக்கடைப் பாக்கி எவ்வளவு, கடைசியில் கைக்கு வருவது என்ன என்று. நோட்டில் ஐந்து வரி.

அந்த ஐந்து வரியை நானே வெட்டினேன். யாரும் சொல்லவில்லை. ‘கணக்கு வந்தால் வாசகர் பக்கத்தைத் திருப்பிவிடுவார்’ என்று டெஸ்க்கில் கற்ற பாடம் கைக்குள் ஏறியிருந்தது. அவருடைய வெடித்த விரல்களை வைத்தேன், மலையில் இறங்கிய பனியை வைத்தேன், ஜீப்பில் தூங்கி வழிந்த முகத்தை வைத்தேன். ‘பாவம்’ என்ற சொல்லைப் போடாமல் அந்தப் பாவத்தை வரவழைப்பதில் எனக்கு நல்ல கை.

பலித்தது. பத்திரிகை அலுவலகத்துக்கு மணியார்டர்கள் வந்தன. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், ஆனால் முகம் சரியில்லை. “டீச்சரு” என்றார் (படித்த பொம்பளை என்றால் மலையில் எல்லாருக்கும் டீச்சர்தான்), “நா சொன்ன கணக்க எங்க காணோம்?” இடம் போதவில்லை என்று சமாளித்தேன். “அதப் போட்டிருந்தா தோட்டத்துக்காரன் பதில் சொல்லணும். இப்ப என்னைய ஊரே பிச்சக்காரியா பாக்குது.”

இன்றுவரை என்னிடம் அதற்குப் பதில் இல்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு, எங்கள் மலையில் நடந்த இரண்டு பெரிய செய்திகளைப் பாருங்கள். 2015 செப்டம்பரில் மூணாற்றில் தேயிலைப் பெண்கள் தெருவில் உட்கார்ந்தார்களே, ‘பெம்பிளை ஒருமை’, அதாவது பெண்கள் ஒற்றுமை என்ற போராட்டம். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். கம்பெனி போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைத்ததுதான் தீக்குச்சி. நாட்கூலி அப்போது 232 ரூபாய், கேட்டது 500. தொழிற்சங்கத் தலைவர்களையே கிட்டே விடவில்லை. டிவிக்காரர்கள் அழும் முகமாகத் தேடிக்கொண்டிருக்க, அவர்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு சதவீதம் பேசினார்கள். போனஸ் 8.33, கருணைத்தொகை 11.67 என்று பிரித்துப் பிரித்து 20 சதவீதத்தை வாங்கினார்கள். அடுத்த மாதம் கூலி 301 ஆனது. அதே ஒப்பந்தத்தில் ஒரு நாளைக்குக் கிள்ள வேண்டிய கொழுந்து 21 கிலோவிலிருந்து 25 கிலோவாக ஏறியது. 301 எல்லாத் தலைப்பிலும் வந்தது, 25 எத்தனை பேர் கண்ணில் பட்டிருக்கும்? கூலி ஏறியது எவ்வளவு, வேலை ஏறியது எவ்வளவு என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தால் அதுவே முழுக்கதை.

அடுத்தது மூணாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டமான பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 இரவு மண் சரிந்து லயங்களை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, மூடியது. கரண்டும் போனும் இல்லாததால் வெளியே தெரிய மறுநாள் காலையானது. 70 பேர். நாலு பேருடைய உடல் கிடைக்கவே இல்லை. கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறை தலைமுறையாகப் போய்க் கொழுந்து கிள்ளிய குடும்பங்கள் நிறைய. அந்தச் செய்தியில் உங்களுக்கு எது நினைவிருக்கிறது? எனக்குத் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். ‘அந்த நாய்’ என்கிறார்கள். குவி என்ற நாய், தன்னோடு விளையாடிய குழந்தையின் உடலைத் தேடிக் கண்டுபிடித்தது. நானும் அழுதேன், மறைக்கவில்லை. அன்றைக்கு நான் டெஸ்க்கில் இருந்திருந்தால் அதைத்தான் முதல் பக்கத்தில் வைத்திருப்பேன்.

ஆனால் மறுநாள் கோழிக்கோட்டில் விமானம் விழுந்தது. அங்கே இறந்தவர்களின் குடும்பத்துக்குக் கேரள அரசு 10 லட்சம் அறிவித்தது, பெட்டிமுடிக்கு 5 லட்சம். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் ஒரு முழு மலையின் கதை இருக்கிறது. அந்த லயத்தில் ஏன் இருந்தார்கள்? தோட்டத்தில் வேலை இருக்கிறவரைதான் வீடு. 58 வயதில் ஓய்வு, அதோடு வீட்டையும் காலி செய்ய வேண்டும். மகனோ மருமகளோ பெயர்கொடுத்து வேலைக்குச் சேர்ந்தால் அதே கூரை, இல்லையென்றால் மலையிறங்க வேண்டியதுதான். தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-இல் வந்தது, வீடு கொடுப்பது முதலாளியின் கடமை என்று அதில் இருந்தது. எப்படிப்பட்ட வீடு, எந்தச் சரிவில் என்று யார் போய் அளந்தார்கள்? நாய்க்குக் கிடைத்த இடத்தில் பாதியாவது இந்தக் கேள்விக்குக் கிடைத்திருக்கலாம்.

நாயைப் பற்றி எழுதக்கூடாது என்று சொல்ல வரவில்லை. உருக்கத்தில் எனக்குள்ள பயம் வேறு. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையில் குமுளிப் பாதை அடைபட்டது. உடும்பன்சோலைப் பக்கத் தோட்டங்களிலிருந்து நம் பெண்கள் காட்டுவழியாக நடந்தே இறங்கினார்கள். அப்போது வந்த ஒவ்வொரு போனும் கேட்கிறவர் ரத்தத்தைக் கொதிக்க வைக்கிற கதை. எது கண்ணால் பார்த்தது, எது ‘சொன்னாங்க’ என்று பிரிப்பதற்குள் விடிந்துவிடும். நல்ல உருக்கமான ஒரு வரியை எடுத்துவிட்டேன், ஏனென்றால் சொன்னவர் அதைத் தானே பார்க்கவில்லை. மறுநாள் போட்டிப் பத்திரிகையில் அதே வரி கொட்டை எழுத்தில் வந்தது. எனக்குத் திட்டு விழுந்தது. முப்பது வருடத்தில் நான் வெட்டியதற்காக வருத்தப்படாத ஒரே வரி அது.

இப்போது எனக்கு வரும் கட்டுரைகளில் ஒன்றைத் தவறாமல் கேட்கிறேன். சம்பளச் சிட்டையைப் பார்த்தீர்களா? இளம் நிருபர்களுக்கு என்மேல் சலிப்பு. “மேடம், இது ஹியூமன் ஸ்டோரி” என்கிறார்கள். மனுஷன் என்றால் கடன் வாங்காதவனா, கூலி வாங்காதவனா? 2019 ஆகஸ்டில் இடுக்கியின் புற்றடியில் நடந்த ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த வாரம் காய் எடுத்த பெண்ணின் சிட்டையில் என்ன இருந்தது என்று எழுதிய ஒரு கட்டுரையை நான் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

போன வாரம் ஒரு தம்பி, ஓய்வு பெற்று லயத்தைக் காலி செய்யும் ஓர் அம்மாவைப் பற்றி எழுதி அனுப்பினான். நன்றாக எழுதுகிறான். சுவரிலிருந்து சாமி படத்தைக் கழற்றும் இடம் அப்படியே நின்றது. பணிக்கொடை எவ்வளவு வந்தது, என்ன பிடித்தார்கள் என்று கேட்டு அனுப்பினேன். “அந்தம்மா சொன்னாங்க மேடம், போர் அடிக்கும்னு நான்தான் எடுத்துட்டேன்” என்றான். திட்ட வாயெடுத்து, திட்டாமல் விட்டேன். திரும்பப் போய்க் காகிதத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன்.

இன்று காலை வாட்ஸப்பில் வந்தது. படம் மங்கல். ஆறாவது வரியில் இருப்பது 3-ஆ 8-ஆ என்று தெரியவில்லை. இன்னொரு தடவை போகச் சொல்லியிருக்கிறேன்.