காட்டைக் காப்பாற்றிய கோடரி

இங்கிலாந்தில் பொது நிலத்தை வேலி போட்டு வளைத்தவர்களை எதிர்த்த கதை என்றால் எல்லோரும் 1866 மார்ச்சில் பெர்காம்ஸ்டெட்டில் நடந்ததைத்தான் சொல்கிறார்கள். பிரவுன்லோ பிரபு இரும்பு வேலி போட்டார். லண்டனிலிருந்து தனி ரயிலில் நூற்றுக்கும் மேற்பட்ட கூலியாட்கள் ராத்திரியோடு ராத்திரியாக வந்திறங்கி, விடிவதற்குள் அத்தனையையும் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்களை வரவழைத்த அகஸ்டஸ் ஸ்மித் லேசுப்பட்ட ஆள் இல்லை, சில்லித் தீவுகளையே குத்தகைக்கு எடுத்து ஆண்டவர்.

என்னைக் கேட்டால் முதலில் சொல்லவேண்டிய பெயர் தாமஸ் வில்லிங்கேல். லண்டனை ஒட்டிய எப்பிங் காட்டோரம் லௌட்டன் என்ற ஊரில் இருந்த விறகுவெட்டி. அந்த ஊர்க்காரர்களுக்கு நவம்பர் 11-லிருந்து ஏப்ரல் 23 வரை காட்டு மரங்களின் கிளைகளை வெட்டிக்கொள்ளும் உரிமை வழிவழியாக இருந்தது. பொது நிலம் என்றால் அங்கே சொந்தக்காரன் இல்லாத நிலம் என்று அர்த்தமில்லை. நிலம் பண்ணையாருடையது, அதில் மாடு மேய்க்கவும் விறகு எடுக்கவும் ஊராருக்குப் பாத்தியதை, அவ்வளவுதான். அந்தப் பாத்தியதையை நாடாளுமன்றமே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சட்டங்கள் போட்டுப் பறித்து, நிலத்தை நிலக்காரர்களுக்கே கொடுத்தது, சுமார் 68 லட்சம் ஏக்கர்.

லௌட்டன் பண்ணையார் மெய்ட்லண்ட் அந்த ஊரின் பாதிரியாரும்கூட (ஞாயிற்றுக்கிழமை என்ன பிரசங்கம் செய்திருப்பார் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை). அவர் காட்டை அடைத்த பிறகும் வில்லிங்கேல் குடும்பம் வழக்கம்போல் கோடரியோடு உள்ளே போனது, 1866-ல் மூன்று பேர் சிறைக்குப் போனார்கள். முந்தைய வருஷம்தான் தொடங்கியிருந்த பொது நிலப் பாதுகாப்புச் சங்கம் வில்லிங்கேலுக்காக வழக்கு நடத்தியது. வழக்கு முடியுமுன் 1870-ல் அவர் இறந்துபோனார், வழக்கும் அதோடு போயிற்று.

அப்புறம் காட்டை மீட்டது லண்டன் மாநகராட்சி. மாநகராட்சிக்குச் சொந்தமாகக் காட்டுப் பக்கம் ஒரு கல்லறைத் தோட்டம் இருந்தது, அந்த நிலத்தோடு ஒட்டிய மேய்ச்சல் உரிமையைப் பிடித்துக்கொண்டு 1871-ல் பண்ணையார்கள் மேல் வழக்குப் போட்டு 1874-ல் ஜெயித்தார்கள். இயற்கை அழகு, மக்களின் மூச்சுக்காற்று என்றெல்லாம் நீதிமன்றத்தில் பேசி ஒன்றும் ஆகியிருக்காது. மாடு மேய்க்கும் உரிமை என்ற அற்ப விஷயம்தான் அங்கே செல்லுபடியானது. இதைச் சாமர்த்தியம் என்று நானும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் 1878-ல் எப்பிங் காட்டுச் சட்டம் வந்து, காடு உல்லாசமாகச் சுற்றிப்பார்க்கும் இடமான கையோடு, எந்தக் கிளைக்காகச் சிறைக்குப் போனார்களோ அந்தக் கிளை வெட்டும் உரிமைக்கு ஈட்டுத்தொகை கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டார்கள். 1882-ல் விக்டோரியா மகாராணி நேரில் வந்து காட்டை மக்களுக்கென்று அறிவித்தார். அந்த ஈட்டுத்தொகையிலிருந்து லௌட்டனுக்கு 1884-ல் ஒரு மண்டபம் கிடைத்தது. அதற்கு 'கிளைவெட்டு மண்டபம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.