காமர்ஸ் படித்தவர் அறிவியலே படிக்காமல் டாக்டராகலாமா?

'பிளஸ் டூவில் காமர்ஸ் எடுத்தவர்கள் இனி அறிவியல் படிக்காமலே நீட் எழுதி எம்.பி.பி.எஸ். சேரலாம்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு. 11, 12ஆம் வகுப்புகளில் தொடர்ந்து அறிவியல் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயத்தைத்தான் தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் தளர்த்தியது. பாடங்களுக்கு விலக்கு தரவில்லை. பிளஸ் டூ முடித்த பிறகாவது இயற்பியல், வேதியியல், உயிரியல் அல்லது உயிரித் தொழில்நுட்பம், ஆங்கிலம் ஆகியவற்றை அங்கீகரிக்கப்பட்ட வாரியத்தில் கூடுதல் பாடங்களாக எழுதித் தேற வேண்டும். நீட் எழுத உச்ச வயது வரம்பு இல்லை. வேலைக்குப் போகிறவர்களும் தாராளமாக முயலலாம். ஆனால் இந்தச் செய்தியை நம்பி நீட்டுக்கு மட்டும் தயாரானால், நல்ல மதிப்பெண் எடுத்தும் சான்றிதழ் சரிபார்ப்பில் இடத்தை இழக்க நேரும். தயவுசெய்து அந்த வாட்ஸ்அப் செய்தியைப் பகிராதீர்கள்.