கல்யாணத்துக்கு அப்புறம் வரும் மூன்றாம் நாள்

கடும் நோயோடு இருப்பவர்கள் கல்யாணத்தைச் சின்னதாக வைத்துக்கொள்ளலாம் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். சரிதான், ஆனால் அது மட்டும் போதாது. என் தங்கைக்கு ஆறு வருடமாக எம்.இ. எனப்படும் நாள்பட்ட சோர்வு நோய். இதில் அலைச்சலுக்கு உடம்பு அன்றைக்கே கணக்குக் கேட்காது, பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்துத்தான் அடித்துப் போடும், அப்புறம் நாட்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் எழுந்திருக்க முடியாது. கல்யாணத்தன்று அவள் சிரித்தபடி நின்றதைப் பார்த்து "நல்லாத்தானே இருக்கா" என்றவர்கள் யாரும், மூன்றாம் நாள் இருட்டறையில் காதை அடைத்துக்கொண்டு ஒரு டம்ளர் தண்ணீரைக்கூடத் தூக்க முடியாமல் கிடந்தவளைப் பார்க்கவில்லை.

கல்யாணத்தன்று இருபது நிமிடம் வெளியே, ஒரு மணி நேரம் படுக்கை என்று வைத்துக்கொண்டோம். பக்கத்து அறையில் கட்டில், ஜன்னலுக்குக் கனமான திரை. இடையில் மாப்பிள்ளை உள்ளே வந்து, கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அதுதான் கல்யாணம்.

"கொஞ்சம் கொஞ்சமா நடந்தா பழகிடும்" என்று அறிவுரை சொல்பவர்களுக்கு ஒன்று: படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையை இந்த நோய்க்குத் தரக் கூடாது என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021-லேயே சொல்லிவிட்டது.

கல்யாணத்துக்குப் பின்னால் படுக்கையிலேயே போகும் அந்த நாட்களைப் பற்றியும் தயவுசெய்து எழுதுங்கள்.