கண் முழித்துப் படிக்கிற பிள்ளையைப் புகழாதீர்கள்

மட்டக்களப்புக் களுவாஞ்சிக்குடியில் உயர்தர (ஏ.எல்.) பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். பெற்றோர் என்னிடம் பெருமையாகச் சொல்கிற முதல் விஷயம் இதுதான்: “சேர், மகன் இரவு ஒரு மணி மட்டும் முழிச்சிருந்து படிக்கிறான்.” அதே மகன் காலை ஐந்தரைக்கு ஏதோ ஒரு ரியூசன் வகுப்பில் இருந்தாக வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நித்திரைக்கு மிஞ்சுவது நாலு மணித்தியாலம்கூட இல்லை. அந்த வயதுக்கு 8 முதல் 10 மணித்தியாலம் வேண்டும் என்கிறார்கள் நித்திரை மருத்துவர்கள்.

அந்தப் பிள்ளையின் கொப்பியை விரித்தால் விஷயம் தெரியும். சூத்திரம் சரி, வழியும் சரி. மூன்றாவது வரியில் அடைப்பை நீக்கும்போது சய (−), சக (+) ஆகிவிடும். அதற்குப் பிறகு ஒரு பக்கம் முழுக்க அழகாகச் செய்து பிழையான விடையில் போய் நிற்பான். “திரும்பப் பார் மகன்” என்றால் பார்க்கிறான், ஆனால் கண் அந்த இடத்தைத் தாண்டிப் போகிறது. நான் விரலை வைத்துக் காட்டினால்தான் பிடிபடும். வீட்டில் இதைக் கவலையீனம் என்று ஏசுகிறார்கள். பாவம், அவனுக்கு நித்திரை காணாது, அவ்வளவுதான்.

நித்திரை குறைந்தால் முதலில் அடிபடுவது கவனம். அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. 2003இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆட்களை 14 நாள் குறைந்த நித்திரையில் வைத்துப் பார்த்தார்கள். தினம் ஆறு மணித்தியாலமோ அதற்குக் குறைவாகவோ படுத்தவர்களின் மூளை, ஒன்றிரண்டு இரவு கண்ணே மூடாதவர்களின் நிலைக்கு இறங்கியிருந்தது. அவர்களோ தங்களுக்குப் பெரிதாக ஒன்றும் குறையவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். “எனக்குப் பழகிட்டு சேர்” என்று பிள்ளைகள் சொல்லும்போது எனக்கு இந்த ஆய்வுதான் ஞாபகம் வரும். களைப்புத்தான் பழகுகிறது, குறைந்த மூளைவேலை குறைந்தபடியே கிடக்கிறது.

படித்தது மனதில் நிற்பதற்கும் நித்திரை வேண்டும். பகலில் படிப்பது முதலில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியைச் சார்ந்து நிற்கிறது. ஆழ்ந்த நித்திரையில்தான் மூளை அதை மீட்டுப் பார்த்து, நீண்ட காலத்துக்கு நிற்கும்படி மூளையின் வெளி அடுக்கில் பதிய வைக்கிறது. 1924லேயே ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் காட்டிவிட்டார்கள்: படித்துவிட்டு நித்திரை கொண்டால், அதே நேரம் முழித்திருப்பதைவிடக் குறைவாகத்தான் மறக்கிறது. ஆகவே ஒரு மணி வரை படித்ததைப் பதியவிடாமல் நாலரைக்கு எழுப்புவது, படித்ததில் ஒரு பங்கைப் பறிப்பதுதான். சாயம் கூடின பிளேன்டீ இதைத் தீர்க்காது. மூளையில் நித்திரையைக் கூட்டுகிற அடினோசின் என்ற பொருள் வேலை செய்யாமல் கஃபீன் கொஞ்ச நேரம் மறித்து வைக்கும், பிறகு எல்லாம் சேர்ந்து அமுக்கும்.

“நாங்களும் நாலு மணிக்கு எழும்பிப் படிச்சவங்கதானே” என்பார்கள் பெரியவர்கள். உண்மைதான். அப்போது குப்பிவிளக்கை அணைத்துவிட்டு எட்டு, ஒன்பதுக்கெல்லாம் படுத்தார்கள். அதோடு, பதின்ம வயதில் உடம்பின் கடிகாரமே பிந்துகிறது. நித்திரைக்கு வழிவிடும் மெலடோனின் பிந்திச் சுரக்கிறது. ஒன்பதுக்குப் படு என்று அதட்டினாலும் அந்தப் பிள்ளைக்கு லேசில் நித்திரை வராது. போனைப் பறித்து வைப்பது உதவும், அது மட்டும் போதாது.

வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைப் பிள்ளைகளை நினைத்தால் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. மண்டூர்ப் பக்கமிருந்து ஆற்றைக் கடந்து குறுமண்வெளிக்கு வந்து, அங்கிருந்து சைக்கிள் மிதித்து வருகிறார்கள். வெல்லாவெளிப் பக்கம் யானை வந்துவிட்டால் வெடிச்சத்தத்தில் ஊரே முழித்திருக்கும். அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கிற கொஞ்ச நித்திரையையும் விடியற்காலை வகுப்பு வைத்து நாங்கள் எடுக்கக் கூடாது. யானையை நான் நிறுத்த முடியாது, நேரசூசியை மாற்றலாம்.

என் காலை வகுப்பை நிறுத்திப் பின்னேரத்துக்கு மாற்றினேன். சில பெற்றோர் பிள்ளையை வேறு இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அவர்களில் எனக்குக் கோபமில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஐந்தரைக்குப் போகும்போது தன் பிள்ளை படுத்திருந்தால் எந்தத் தாய்க்கும் பயம் வரும். அதனால்தான் இது ஒரு ஆசிரியர் தனியே செய்து முடிக்கிற காரியமில்லை. பாடசாலை ஏழரைக்குத் தொடங்குகிற நாட்களில் அதற்கு முன் வகுப்பே வைப்பதில்லை என்று கல்லாறு தொடங்கிக் களுவாஞ்சிக்குடி, குருக்கள்மடம் வரை படிப்பிக்கிற எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தால் யாருக்கும் பிள்ளை குறையாது. பெரிய பரீட்சைக்கு முந்தின கிழமை இரவு வகுப்பு வைப்பதையும் அதோடு விட்டுவிடலாம். இணைந்த கணிதத்தில் மூன்று மணித்தியாலம் ஒரு குறி பிசகாமல் எழுத வேண்டிய பிள்ளைகள் அவர்கள்.

அடுத்த தவணை தொடங்கமுதல் இதைக் கூடிப் பேச விருப்பமுள்ள ஆசிரியர்கள் எனக்கு இன்பொக்ஸில் எழுதுங்கள். இடம் நான் ஒழுங்கு செய்கிறேன். பெற்றோரும் வரலாம்.