காடு இருந்தால் மட்டும் போதாது
பினாங்கில் காடு இருக்கும்வரை லோத்தோங் குரங்குகளுக்குப் பயமில்லை என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. காடு இருக்கிறது, சரி. நடுவில் சாலை ஓடுகிறதே! தெலுக் பஹாங்கில் தங்கை வீட்டுக்குப் போகும் வழியில், அடிபட்டுக் கிடந்த தாயின் மேல் ஆரஞ்சு நிறக் குட்டி ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தவள் நான். அன்று இரவு சாப்பிடவே முடியவில்லை. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள இந்த இனம், உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐயுசிஎன்) சிவப்புப் பட்டியலில் அழியும் அபாயத்தில் இருக்கிறது. 2019இல் அந்தப் பகுதிச் சாலைக்கு மேலேயே பழைய தீயணைப்புக் குழாய்களால் ஒரு பாலம் கட்டினார்கள். லோத்தோங் மட்டுமல்ல, அணில்களும் அதில் கடக்கின்றன. இப்படி இன்னும் பல வேண்டும். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், மலாயாப் புலியே 150க்கும் குறைவு, குரங்குக்கு என்ன அவசரம் என்கிறார். ஐயா, 1950களில் அந்தப் புலி சுமார் 3,000 இருந்ததாகக் கணக்கு. அப்போதும் யாரும் அவசரப்படவில்லை.