பழைய டிவியில் செட்டாப் பாக்ஸ் ஓடும்

"பிக்சர் டியூப் டிவியில் டிஜிட்டல் சேனல் வராது, எல்இடி வாங்கியே ஆகணும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை. டிஜிட்டல் சிக்னலைப் பிரித்துப் படமாக்குவது செட்டாப் பாக்ஸ்தான். டிவிக்கு அது தெரியவே வேண்டாம். மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி வயரைச் செருகினால் போதும். 2006-ல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய 14 அங்குல டிவியிலும் பின்னாளில் இப்படித்தான் பாக்ஸ் வைத்து கேபிள் பார்த்தார்கள்.

பாக்ஸில் எச்டிஎம்ஐ (புது டிவிகளில் படமும் ஒலியும் ஒரே வயரில் போகும் இணைப்பு) மட்டும் இருந்தால், எச்டிஎம்ஐயை ஏவியாக மாற்றும் சின்னக் கன்வெர்ட்டர் வேண்டும். எதிர்த்திசையில் மாற்றுவதும் அதே உருவத்தில் விற்கிறது, பார்த்து வாங்குங்கள். கன்வெர்ட்டருக்கு 5 வோல்ட் மின்சாரமும் தேவை, பழைய போன் சார்ஜரே போதும். படம் மேலும் கீழும் இழுபட்டு ஆட்கள் ஒல்லியாகத் தெரிந்தால், பாக்ஸ் செட்டிங்கில் 4:3 (பழைய டிவித் திரையின் அகல, உயர விகிதம்) என்று மாற்றுங்கள்.

எச்டி தெளிவு கிடைக்காது, ஓடும் செய்தி எழுத்து பொடியாகத் தெரியும், அது உண்மை. கரண்டும் அதிகம் இழுக்கும். டியூபே மங்கிவிட்டதென்றால் பழையதற்குச் செலவு செய்யாமல் புது டிவியே வாங்கிவிடலாம். ஆனால் நன்றாக ஓடுகிற டிவியை சேனலுக்காகத் தூக்கிப் போடத் தேவையில்லை.